கவனிப்பு என்னும் தொழில்: ஓய்வுபெற்ற செவிலியரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1976-ஆம் ஆண்டு செவிலியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். 2014-ஆம் ஆண்டு பணி ஓய்வு பெற்றேன். இடைப்பட்ட 38 ஆண்டுகளில் பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, தீவிர சிகிச்சை ஆகிய பிரிவுகளிலும், கடைசி ஒன்பது ஆண்டுகள், குணமாக்க முடியாத நோயுள்ளவர்களின் வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புப் பிரிவிலும் பணியாற்றினேன். இப்படிப்பில் சேர நினைப்பவர்களும், சேர்ந்த முதலாண்டிலேயே விலகிவிடலாமா என்று தயங்குபவர்களும், வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

செவிலியராக வேண்டும் என்று ஏன் முடிவு செய்தீர்கள்? சேவை மனப்பான்மைதான் காரணமா?

இல்லை. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது என் தாயாருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு மறுநாள் மாலை நாங்கள் நான்கு பேர் அவருடைய படுக்கையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அந்த வழியாக நடந்துபோன ஒரு செவிலியர் சட்டென்று நின்றார்; தாயாரின் முகத்தைப் பார்த்தார்; நெற்றி வியர்வையைத் தொட்டுப் பார்த்து, நாடியில் கைவைத்து, போர்வையை விலக்கி வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, மருத்துவரை அழைக்க விரைந்தார். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அன்றிரவே மறு அறுவை நடந்தது, தாயார் பிழைத்தார். அரை மணி நேரமாக அதே முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் நால்வருக்கும் தெரியாத ஒன்று, கடந்துபோன ஒருவருக்குத் தெரிந்தது எப்படி என்ற கேள்விதான் என்னை இத்தொழிலுக்குக் கொண்டுவந்தது.

தமிழில் ‘கவனித்தல்’ என்ற சொல்லுக்கு உற்றுப் பார்த்தல் என்றும் பொருள், பராமரித்தல் என்றும் பொருள். நோயாளியைக் கவனித்துக்கொள் என்று சொல்லும்போது இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். என் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. திருக்குறளின் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றுடன் ‘உழைச்செல்வான்’ என்று நான்காவதாக ஒருவரைச் சேர்த்து, இந்நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறது. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் என்பதே அச்சொல்லின் பொருள். செவிலியருக்கு இதைவிடச் சரியான பெயரை நான் அறியேன்.

பயிற்சியின் தொடக்க மாதங்களில் என்ன கற்றுக்கொடுத்தார்கள்?

படுக்கை விரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். விரிப்பில் ஒரு சுருக்கம் தென்பட்டாலும் முழுவதையும் உருவிவிட்டு மறுபடியும் விரிக்கச் சொன்னார்கள். இது வெறும் அடக்குமுறை என்றே அப்போது நினைத்தேன். புரண்டு படுக்க இயலாத ஒருவரின் முதுகுக்குக் கீழே அந்தச் சுருக்கம் சில மணி நேரத்தில் என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறியது.

அடுத்ததாக நாடி பார்த்தல். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கக்கூடாது, ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும் என்பது எங்கள் ஆசிரியையின் கண்டிப்பான விதி. துடிப்பு இடையில் தவறுகிறதா என்பது குறைந்த நேரத்தில் தெரியாமல் போய்விடலாம். நாடியை எண்ணி முடித்ததும் கையை எடுத்துவிடாமல், மணிக்கட்டைப் பிடித்தபடியே மார்பின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து மூச்சையும் எண்ண வேண்டும். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளி தம்மையறியாமல் அதை மாற்றிவிடுவார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கற்ற இந்தச் சிறு உத்தியை இன்றைய மாணவிகளுக்கும் நான் முதலில் சொல்லித்தருகிறேன்.

கை கழுவுதலுக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்கினார்கள். வியன்னாவின் பொது மருத்துவமனையில் 1847-ஆம் ஆண்டு இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் செய்ததை ஆசிரியை கதையாகவே சொன்னார். அங்கே மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பணியாற்றிய பிரசவப் பிரிவில் அந்த ஏப்ரல் மாதத்தில் நூறு தாய்மாரில் ஏறத்தாழ 18 பேர் இறந்தார்கள். பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வரும் கைகள்தான் காரணம் என்று உணர்ந்த அவர், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவும்படி கட்டாயப்படுத்தினார். ஜூன் மாதத்தில் அந்த எண்ணிக்கை இரண்டளவுக்கு இறங்கியது. அப்படியிருந்தும் சக மருத்துவர்களில் பலர் அவரை ஏற்கவில்லை. 1865-ஆம் ஆண்டு மனநலக் காப்பகம் ஒன்றில் இறந்தார். கை கழுவும் தொட்டியின் முன் நின்றபடி இதைக் கேட்ட பிறகு, எங்கள் வகுப்பில் எவரும் அவசர அவசரமாகக் கையை நனைத்துக்கொண்டு ஓடியதில்லை.

நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றிப் பள்ளியில் படித்தது போலத்தானா உண்மையும்?

விளக்கை ஏந்தி இரவில் வலம்வந்தவர் என்ற சித்திரம் பொய்யன்று. ஆனால் அவர் செய்த பெரிய வேலை அதில் இல்லை. கிரிமியப் போரின்போது 1854-ஆம் ஆண்டு இறுதியில் துருக்கியிலிருந்த ஸ்குட்டாரி மருத்துவமனைக்கு அவர் சென்ற பிறகும், அந்தக் குளிர்காலத்தில் வீரர்கள் கூட்டங்கூட்டமாக இறந்துகொண்டுதான் இருந்தார்கள். 1855-ஆம் ஆண்டு வசந்தத்தில் சுகாதாரக் குழு ஒன்று வந்து சாக்கடைகளைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்தைச் சீர்செய்த பிறகே இறப்பு வேகமாகக் குறைந்தது. போர் முடிந்து நாடு திரும்பிய அவர் மாதவாரியாக இறப்புக் கணக்குகளை ஆராய்ந்து, காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே மிகப் பலர் என்பதை, ஆட்சியாளர்கள் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளும் வண்ண வரைபடமாக 1858-ஆம் ஆண்டு வெளியிட்டார். எண்ணுவதும் செவிலியரின் கடமை என்பதை நான் அவரிடமிருந்துதான் கற்றேன். 1860-ஆம் ஆண்டு லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் வழிவந்தவைதான் நான் படித்தது போன்ற பள்ளிகள் பலவும்.

அன்றைய கருவிகளுக்கும் இன்றைய கருவிகளுக்கும் என்ன வேறுபாடு?

நான் பயின்ற காலத்தில் ஊசிக்குழல் கண்ணாடியால் ஆனது, ஊசி எஃகு. ஒருவருக்குப் பயன்படுத்தியதைக் கழுவி, குழலையும் தண்டையும் தனித்தனியாகத் துணியில் சுற்றி, கொதிநீரில் இருபது நிமிடம் வைத்து மறுபடியும் பயன்படுத்துவோம். ஊசியின் முனையைப் பஞ்சின் மேல் மெல்ல இழுத்துப் பார்ப்போம். இழை சிக்கினால் முனை வளைந்திருக்கிறது என்று பொருள், கல்லில் தீட்ட வேண்டும். மழுங்கிய ஊசி எத்தனை பேருக்கு எவ்வளவு வலியைத் தந்திருக்கும் என்று இன்று நினைத்தாலும் மனம் கனக்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிக்குழல்கள் வந்ததை, எங்கள் தலைமுறை கண்ட பெரிய நன்மைகளில் ஒன்றாகவே கருதுகிறேன். பாதரச வெப்பமானியை உதறி இறக்கும் மணிக்கட்டு அசைவு இன்றைய மாணவிகளுக்குத் தெரியாது. பாதரசம் தொடர்பான மினமாட்டா உடன்படிக்கை 2013-ஆம் ஆண்டு உருவாகி, அத்தகைய வெப்பமானிகளின் உற்பத்தியை நிறுத்த 2020-ஆம் ஆண்டை எல்லையாக வைத்தது.

இரத்த நாளம் வழியாகச் செலுத்தும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணியே கட்டுப்படுத்தினோம். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாயில், 1000 மில்லிலிட்டரை எட்டு மணி நேரத்தில் செலுத்த வேண்டுமானால் நிமிடத்துக்கு 42 சொட்டு. கைக்கடிகாரத்தையும் சொட்டறையையும் மாறி மாறிப் பார்த்து உருளையைத் திருகுவோம். நோயாளி கையை மடக்கினால் கணக்கு மாறிவிடும், மறுபடியும் எண்ணுவோம். இன்று அந்த வேலையை இயந்திரம் செய்கிறது. நன்றாகவும் செய்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: சொட்டு எண்ண நாங்கள் படுக்கையருகே நின்ற அந்த ஒரு நிமிடத்தில் நோயாளியின் உதட்டு நிறத்தையும், கால் வீக்கத்தையும், அவர் பேச நினைத்துத் தயங்குவதையும் பார்த்துவிடுவோம். இயந்திரம் வந்த பிறகு அந்த நிமிடத்தை நாமே வலிந்து உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது. எனினும் விரல் சில்லிட்டிருந்தாலோ நகச்சாயம் பூசியிருந்தாலோ அது தவறாகக் காட்டலாம். புகையில் சிக்கிக் கார்பன் மோனாக்சைடை உள்ளிழுத்தவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலக் காட்டும். கறுத்த தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். எண் நன்றாக இருந்து ஆள் நன்றாக இல்லையென்றால், ஆளை நம்புங்கள்.

பயிற்சியில் கற்றவற்றுள் பிற்காலத்தில் தவறென்று தெரிந்தவை உண்டா?

உண்டு. இக்கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் நல்லெண்ணத்தோடு செய்தால் தீங்கு நேராது என்ற நம்பிக்கை எங்கள் தொழிலில் ஆபத்தானது. படுக்கைப்புண் வராமலிருக்க, முதுகிலும் இடுப்பிலும் சிவந்த இடங்களை ஸ்பிரிட் தடவி அழுத்தித் தேய்க்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். நாளுக்கு இருமுறை, நூற்றுக்கணக்கான முதுகுகளை அப்படித் தேய்த்திருக்கிறேன். ஏற்கெனவே நலிந்த திசுவை அது மேலும் சிதைக்கிறது என்று பின்னாளில் தெரியவந்தது. புட்டத்துக்குக் கீழே வளையம் போன்ற மெத்தையை வைத்தோம். அந்த வளையமே சுற்றிலும் இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்று பிறகு அறிந்தோம். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையவிடாமல் படுக்க வைத்தோம். அந்த அசைவின்மையே காலில் இரத்தக்கட்டியையும் நுரையீரலில் சளித்தேக்கத்தையும் உண்டாக்கியது. குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைப்பதே நல்லது என்று இளந்தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தோம். மல்லாந்து படுக்க வைத்தால், காரணம் தெரியாமல் குழந்தை உறக்கத்திலேயே இறந்துவிடும் தொட்டில் மரணங்கள் வெகுவாகக் குறைகின்றன என்பது 1990-களில் உறுதிப்பட்டு, பல நாடுகள் அறிவுரையை மாற்றின.

நான் அப்படிச் சொல்லிக்கொடுத்த தாய்மார்களின் முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. ஆகவே, பாடநூலில் எழுதியிருப்பதாலோ மூத்தவர் சொன்னதாலோ மட்டும் ஒன்றைச் செய்யாதீர்கள். ஏன் என்று கேளுங்கள், செய்த பிறகு என்ன ஆனது என்று பாருங்கள்.

வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

எலும்பு தோலுக்கு மிக அருகில் இருக்கும் இடங்களை நாள்தோறும் பாருங்கள்: குதிகால், கணுக்கால், இடுப்பின் பக்கம், முதுகின் அடிப்பகுதி, தோள்பட்டை, முழங்கை, பின்தலை, காதுமடல். சிவந்த இடத்தை விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பின் மறுபடியும் சிவந்தால் இரத்த ஓட்டம் இன்னும் இருக்கிறது; வெளுக்காமலே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள், தோல் கிழியாமலிருந்தாலும். கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது; அங்கே சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, சில்லென்றோ, கல் போலக் கெட்டியாகவோ, சேறு போல மெத்தென்றோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டு உணர வேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது பழைய விதி. மெத்தையையும் நோயாளியின் நிலையையும் பொறுத்து இடைவெளி மாறலாம், ஆனால் புரட்டாமல் இருக்கக்கூடாது. முழுப்பக்கமாகச் சாய்த்தால் இடுப்பெலும்பின் மேல் எடை விழும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து முப்பது பாகை அளவு மட்டும் சாயுங்கள். கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும். ஆளை இழுத்து நகர்த்தாதீர்கள், விரிப்போடு சேர்த்துத் தூக்கி நகர்த்துங்கள். சிறுநீரில் நனைந்த தோல் விரைவில் பிய்யும் என்பதால் ஈரத்தை உடனே மாற்றுங்கள். இவ்வளவு செய்தும் சிலருக்குப் புண் வரும், குறிப்பாக உடல் உணவை ஏற்காத கடைசிக் காலத்தில். அப்போது உங்களை நீங்களே குற்றஞ்சாட்டிக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் தவறு செய்ததுண்டா?

உண்டு. பணியில் சேர்ந்த எட்டாம் ஆண்டு, ஓர் இரவுப் பணியின் இறுதி மணி நேரத்தில், ஒரே பெயர் கொண்ட இருவர் எதிரெதிர்ப் படுக்கைகளில் இருந்தார்கள்; ஒருவர் அன்று மாலைதான் அங்கே மாற்றப்பட்டிருந்தார். பெயரைச் சொல்லி அழைத்தேன், அரைத்தூக்கத்தில் “ஆமாம்” என்றார், மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். குறிப்பேட்டில் கையெழுத்திடும்போதுதான் அது மற்றவருக்குரிய இரத்த அழுத்த மாத்திரை என்று தெரிந்தது. கால்கள் நடுங்கின. பணியிலிருந்த மருத்துவரிடம் உடனே சொன்னேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தை அளந்தபடி அருகிலேயே இருந்தேன். அழுத்தம் இறங்கியது, பிறகு மெல்ல நிமிர்ந்தது. விடிந்ததும் அவரிடம் நானே நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சொன்னீர்களே, அது போதும்” என்றார்.

மேலதிகாரிகள் என்னிடம் விளக்கக் கடிதம் வாங்கினார்கள், ஓராண்டு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். ஒரே பெயருடையவர்களை ஏன் ஒரே அறையில் வைத்தோம், முப்பத்துநான்கு நோயாளிகளுக்கு ஏன் இரவில் ஒரே செவிலியர் என்று எவரும் கேட்கவில்லை. தவற்றுக்கு நான் பொறுப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் என்னைத் தண்டித்ததால் அடுத்த தவறு தடுக்கப்படவில்லை, தவறுகளைச் சொல்லாமல் மறைக்கும் பழக்கமே வளர்ந்தது. அன்றிலிருந்து நோயாளியின் பெயரை நான் சொல்லாமல், “உங்கள் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன?” என்று கேட்டு அவர் வாயால் சொல்லச் செய்தேன். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் ஒவ்வொரு முறையும் உதடசைத்துச் சொல்லிப் பார்த்தேன்.

2008-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கான பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்கம் தருமுன், தோலைக் கீறுமுன், நோயாளி அறையை விட்டு நீங்குமுன் என மூன்று இடங்களில் அனைவரும் நின்று 19 செய்திகளை உரக்கச் சரிபார்க்க வேண்டும். எட்டு நாடுகளில் எட்டு மருத்துவமனைகளில் செய்த ஆய்வில், இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009-ஆம் ஆண்டு அறிவித்தார்கள். அந்த அறிக்கையைப் படித்தபோது கண் கலங்கினேன். மனிதர் தவறுவார் என்று ஏற்றுக்கொண்டு, அதற்கேற்பப் பணியை வகுத்தால் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று அதில் கண்டேன்.

மருத்துவர்கள் செவிலியர் சொல்வதைக் கேட்பார்களா?

பயிற்சிக் காலத்தில் மருத்துவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்போம். எங்கள் கருத்தை உறுதியாக எழுத அனுமதி இல்லை. கண்ணெதிரே இரத்தமாகக் கொட்டினாலும் ‘இரத்தம் போலத் தோன்றுகிறது’ என்றே எழுதச் சொன்னார்கள். பின்னர் நிலைமை பெரிதும் மாறியது, ஆனால் மாற்றம் தானாக வரவில்லை.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். குடலில் அறுவை நடந்து மூன்றாம் நாள் இரவு ஒருவருக்குக் காய்ச்சல் இல்லை, இரத்த அழுத்தமும் சரியாக இருந்தது. ஆனால் மாலையில் நிமிடத்துக்கு 16 ஆக இருந்த மூச்சு, பதினொரு மணிக்கு 22, இரண்டு மணிக்கு 28 என்று ஏறியிருந்தது. இளம் மருத்துவரை அழைத்தேன். காலையில் பார்க்கலாம் என்றார். மூன்று எண்களையும் நேரத்தோடு வாசித்துக் காட்டி, அவருடைய மூத்த மருத்துவரை அழைக்கப் போவதாகச் சொல்லிவிட்டு அழைத்தேன். குடல் தையல் பிரிந்து வயிற்றுக்குள் கசிந்திருந்தது. விடிவதற்குள் அறுவை அரங்குக்குக் கொண்டு சென்றார்கள். மூன்று வாரம் கழித்து அவர் நடந்து வீடு திரும்பினார். எனக்குத் துணிவு தந்தது அந்த எண்கள்தாம். “அவர் நன்றாக இல்லை என்று தோன்றுகிறது” என்று மட்டும் சொல்லியிருந்தால் எவரும் எழுந்து வந்திருக்கமாட்டார்கள்.

மூச்சு எண்ணிக்கைதான் உடல் நிலைகுலைவதை முன்கூட்டிக் காட்டும் அறிகுறிகளில் முதன்மையானது. பல வார்டுகளில் எண்ணாமலே 18 என்றோ 20 என்றோ எழுதப்படுவதும் அதுதான். இது எனக்கு ஆறாத வருத்தம். மூச்சு, நாடி போன்ற ஒவ்வோர் அளவுக்கும் மதிப்பெண் இட்டு, மதிப்பெண் ஏற ஏற ஆபத்து அதிகம் என்று காட்டும் முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை பிரிட்டனில் 2012-ஆம் ஆண்டு அறிமுகமானது. அதில், மூச்சு 25 அல்லது அதற்கு மேல் போனாலே அந்த ஓர் அளவுக்குரிய மிக உயர்ந்த மதிப்பெண்ணான மூன்று கிடைத்துவிடும். தொலைபேசியில் மருத்துவரிடம் பேசும்போது இப்போதைய நிலை, பின்னணி, என் மதிப்பீடு, எனக்குத் தேவையானது என்ற வரிசையில் பேசும் முறை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. அதன் நான்காம் பகுதியை விட்டுவிடாதீர்கள்: “நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்” என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

எய்ட்ஸ் பரவத் தொடங்கிய காலத்தில் பயந்தீர்களா?

பயந்தோம். 1981-ஆம் ஆண்டு முதல் செய்திகள் வந்தன, 1983-இல் வைரஸ் கண்டறியப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் எது தொற்றும், எது தொற்றாது என்று எவருக்கும் தெளிவில்லை. உணவுத் தட்டைக் கதவருகே வைத்துவிட்டு நகர்ந்த பணியாளர்களை நான் பார்த்திருக்கிறேன். தொடுதலால் தொற்றாது என்று உறுதியான பின்னும் சிலர் மாறவில்லை. அதுவரை கையுறை என்றாலே அறுவை அரங்கு என்று இருந்த வழக்கம் மாறி, எல்லா நோயாளியின் இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிப் பணிசெய்ய வேண்டும் என்ற விதி 1980-களின் பிற்பகுதியில் நடைமுறைக்கு வந்தது. நோயாளியைத் தனித்து அடையாளமிட்டு ஒதுக்காமல் அனைவரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வழிசெய்த விதி அது என்பதால், பாதுகாப்பைவிட அதன் கண்ணியமே என் மனத்தில் நிற்கிறது.

ஊசி குத்திவிட்டால் எச்.ஐ.வி. தொற்ற ஆயிரத்தில் மூன்று அளவே வாய்ப்பு. ஹெபடைட்டிஸ் பி வைரஸோ, தடுப்பூசி போடாதவருக்கு நூற்றில் முப்பது வரைகூடத் தொற்றலாம். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போட முயலாதீர்கள். நேராகக் கூர்பொருள் பெட்டியில் போடுங்கள். தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் வார்டுக்குள் போகாதீர்கள்.

இரவுப் பணி உடலை என்ன செய்யும்?

விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு உடல் வெப்பமும் விழிப்பும் மிகக் கீழே இறங்கும். என் தவறும் அதையொட்டிய நேரத்தில்தான் நடந்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007-ஆம் ஆண்டு இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் சேர்த்து, 2019-ஆம் ஆண்டிலும் அதை உறுதிப்படுத்தியது. இருபது ஆண்டுகள் இரவுப் பணி செய்த எனக்கு இன்றும் தொடர்ந்து ஆறு மணி நேரம் உறக்கம் வருவதில்லை. மருந்தளவுக் கணக்குகளை அந்நேரத்தில் தனியாகப் போடாதீர்கள், இன்னொருவரை எழுப்பியாவது சரிபாருங்கள்.

ஆண்கள் செவிலியராகலாமா?

தாராளமாக. நான் பணியாற்றிய தீவிர சிகிச்சைப் பிரிவில் மிகக் கூர்மையாகக் கவனிப்பவர் ஓர் ஆண் செவிலியர்தான்.

முதன்முதலாகப் பார்த்த மரணம்? பழகிப்போகுமா?

பயிற்சியின் ஐந்தாம் மாதம், ஒரு மூதாட்டி. இறந்த பிறகு உடலைத் தூய்மை செய்ய மூத்த செவிலியர் என்னை அழைத்தார். முகத்தைத் துடைக்கும்போது, “அம்மா, இப்போது முகத்தைத் துடைக்கிறேன், இப்போது கையை உயர்த்துகிறேன்” என்று உயிரோடு இருப்பவரிடம் பேசுவது போலவே பேசினார். அதன் பிறகு நான் தயார் செய்த ஒவ்வோர் உடலிடமும் அப்படியே பேசியிருக்கிறேன். பழகுவது கைகளுக்குத்தான், மனம் பழகவில்லை, பழகவேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

நோய்த்தணிப்புப் பிரிவுக்குச் சென்றபோது, இதைத் துறையாக வளர்த்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் செவிலியராகப் பயின்றவர் என்று அறிந்து மகிழ்ந்தேன். முதுகுவலியால் செவிலியர் பணியைத் தொடர முடியாமல், மருத்துவ சமூகப் பணியாளராகி, பின் மருத்துவமும் படித்து, 1967-ஆம் ஆண்டு லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். வலி வந்து நோயாளி கெஞ்சிய பிறகு மார்ஃபின் கொடுக்காமல், வலி தலைதூக்குமுன்பே மணிக்கணக்குப்படி கொடுக்க வேண்டும் என்பது அவர் வலியுறுத்தியது. நான் பயின்ற காலத்தில், பழக்கமாகிவிடும் என்று அஞ்சிச் சாகக் கிடப்பவருக்குக்கூட மருந்தைத் தள்ளிப்போட்டோம். எத்தனை இரவுகள் அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு அடுத்த வேளைக்காகக் கடிகாரத்தைப் பார்த்து நின்றிருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது பணியில் இல்லையே என்று வருந்தினீர்களா?

வருந்தினேன். நைட்டிங்கேல் பிறந்த 200-ஆவது ஆண்டு என்பதால் அவ்வாண்டைச் செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் ஆண்டாக உலக சுகாதார நிறுவனம் ஏற்கெனவே அறிவித்திருந்தது. என் வயதில் உள்ளே அனுமதிக்கமாட்டார்கள். நான் பயிற்றுவித்த பெண்கள் பணி முடிந்து, முகக்கவசம் பதிந்த தழும்போடு, என்னைத் தொலைபேசியில் அழைப்பார்கள். மூச்சுத்திணறுபவரைக் குப்புறப் படுக்க வைக்கும்போது எந்தெந்த இடத்தில் புண் வரும் என்று கேட்டார்கள்: நெற்றி, கன்னம், மோவாய், மார்பு, முழங்கால் என்று சொன்னேன். பெரும்பாலும் அவர்கள் எதையும் கேட்கவில்லை, அழுதார்கள். நான் தொலைபேசியை வைக்காமல் இருந்தேன்.

ஓய்வுக்குப் பின் எதை இழந்ததாக உணர்கிறீர்கள்?

பணி ஒப்படைப்பை. ஒவ்வொரு பணி முடிவிலும், அடுத்து வருபவரோடு படுக்கை படுக்கையாக நடந்து, அந்தந்த நோயாளியைப் பற்றி அறிந்ததையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகும் அந்த இருபது நிமிடம். கோப்பில் எழுத முடியாதவை அப்போதுதான் கைமாறும்.

கடைசி நாளில் எனக்குப் பின் வந்தவர் பணியில் சேர்ந்து இரண்டு மாதமே ஆன பெண். பதினொரு படுக்கைகளையும் சொல்லி முடித்தேன். கடைசிப் படுக்கையில் இருந்த அம்மாவுக்கு நினைவு மங்கியிருந்தது: வாய் உலர்கிறது, அரை மணிக்கு ஒருமுறை பஞ்சை நனைத்து உதட்டில் வையுங்கள், இடப்பக்கம் சாய்த்தால் புருவம் சுருங்குகிறது, வலப்பக்கமே வையுங்கள், தொடுமுன் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுத் தொடுங்கள், இல்லையென்றால் திடுக்கிடுகிறார் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். உடை மாற்றிக்கொண்டு நான் திரும்பி அவ்வழியே நடந்தபோது அந்தப் படுக்கையின் திரை மூடியிருந்தது. உள்ளே அந்தப் பெண் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.